வருடம் முழுக்க நிற்கிற பழக்கம் எது? காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி

கழனிவாசல் மாடிவீடு:

ஒவ்வொரு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்றும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மரக்கன்றுப் படங்கள் குவியும். ஆடி பிறப்பதற்குள் கன்றும் காய்ந்துவிடும், பேச்சும் ஓய்ந்துவிடும். அதனால் நேராகவே கேட்கிறேன். சித்திரை வெயில், ஐப்பசி மழை, கல்யாண மாதம், பரீட்சை மாதம் எது வந்தாலும் விடாமல் நடக்கிற, சுற்றுச்சூழலுக்கு நல்ல பழக்கம் உங்கள் வீட்டில் எது? கரண்ட், தண்ணீர், குப்பை, சாப்பாடு, எதைப் பற்றியானாலும் சரி.

எங்கள் நிலைமை இதுதான். வாடகை வீடு, முதல் மாடி. தலைக்கு மேலே நேரடியாக வெயில் வாங்குகிற தளம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், மாமியார். தோட்டம் கிடையாது, மொட்டை மாடியில் ஒரு மூலை மட்டும் எங்களுக்கு. "அந்தக் காலத்தில் எல்லாம்" என்று ஆரம்பிக்கிற பதில் வேண்டாம், தயவுசெய்து.

வளவு வீட்டுப் பிள்ளை:

வேண்டாம் என்றாலும் அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ ஒரு பெரிய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், போய் நில்லுங்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். மழை நாளில் அந்த விளிம்புக்குக் கீழே அண்டா வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் கால்வாய் வழியே ஊருணிக்குப் போகும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், எட்டாத உயரத்தில் கூரை, முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நேராகப் போகிற காற்று. உச்சி வெயிலில் உள்ளே போனாலும் உடம்பு ஆறும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, விட்டதைப் பிடித்தால் போதும்.

சந்தேகப் பிராணி:

எதைப் பிடிக்கச் சொல்கிறீர்கள், அண்ணே? அந்த வீட்டுத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சலவைக்கல் இத்தாலி, நிலைக்கண்ணாடி பெல்ஜியம். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கலில் சேர்த்த பணம். அந்த வீடு கட்டியவர்களைச் சிக்கனத்துக்கு உதாரணம் காட்டினால் அவர்களே சிரிப்பார்கள். அப்புறம், அண்டாத் தண்ணீரைத் தூக்கியதும் பித்தளையைத் தேய்த்ததும் வேலையாட்கள். அதே வேலை இன்றைக்கு மாடிவீட்டு அக்கா ஒருத்தர் தலையில் விழும்.

எடுக்கத் தக்கது ஒன்று உண்டு. வெயிலை உள்ளே வரவிட்டு விரட்டவில்லை, வெளியிலேயே நிறுத்தினார்கள். சன்னலுக்கு உள்ளே திரை போட்டால் கண்ணாடி வழியாகச் சூடு ஏற்கெனவே நுழைந்திருக்கும். அதே துணியை, இல்லாவிட்டால் ஒரு கோரைத் தட்டியை, சன்னலுக்கு வெளியே கட்டினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மேற்குச் சன்னலுக்கு முதலில் கட்டுங்கள். காலை ஒன்பது மணிக்குள் எல்லாவற்றையும் சாத்தி, பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்த பிறகு திறக்க வேண்டும். மாசிக் கடைசியில் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. வாடகை வீட்டில் இதற்கு உரிமையாளர் மறுப்புச் சொல்ல மாட்டார், அவர் தளத்துக்கும் நல்லதுதான்.

புதுவயல் கணக்கு:

கரண்ட் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற, பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் பழையது 0.9 யூனிட், புதியது 0.36 யூனிட். இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். நம் ஊரில் வருடத்தில் முக்கால்வாசி மாதம் ஃபேன் நிற்பதே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், அதிகம் ஓடுகிற ஃபேன் எதுவோ அதை முதலில் மாற்றுங்கள்.

ஏசி இருந்தால் 24க்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினாலே ஏசி இழுக்கிற கரண்ட் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய எரிசக்திச் சிக்கன அமைப்பின் கணக்கு. 26 வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விட்டால் போதும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நம் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், சரி. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடுகிறது. 500க்கும் 510க்கும் நடுவில் வித்தியாசம் வெறும் பத்து யூனிட்டின் காசு இல்லை. மீட்டரை மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் அவர்களே லைட்டை அணைக்கச் சொல்லி நம்மைத் துரத்துவார்கள்.

கழனிவாசல் மாடிவீடு:

மீட்டர் வேலையைப் பெரியவனிடம் கொடுத்தாயிற்று. தட்டி கட்ட மாமியார் சம்மதம், வீட்டுக்காரர் "அழகு கெடும்" என்கிறார். பார்ப்போம். சமையலறைப் பக்கம் யாரும் வரவில்லையே?

பள்ளத்தூர் ஆச்சி:

வந்துவிட்டேன் ஆத்தா. எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் தனிப் பெயர் வைத்துச் செய்ததில்லை, மாதம் வந்தால் வேலை வரும், அவ்வளவுதான்.

மாசி பங்குனியில் புதுப் புளி வரும். வருடத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கிக் கொட்டை எடுத்து, காயவைத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவோம். மிளகாய், மல்லி, மஞ்சளும் அப்படித்தான், வெயிலில் காயவைத்து மில்லில் திரித்து வந்துவிடும். இதில் என்ன லாபம் என்றால், வாரத்துக்கு ஒரு தரம் கால் கிலோ பாக்கெட், நூறு கிராம் பாக்கெட் என்று வாங்குகிற பிளாஸ்டிக் உறை மொத்தமும் வீட்டுக்குள் வராது. நான் குப்பை பிரித்துப் போடுவதைப் பற்றிப் பேச மாட்டேன், வராமல் நிறுத்துவதைப் பற்றித்தான் பேசுவேன். அரிசிக்குள் வேப்பிலையும் வசம்பும் போட்டால் வண்டு அண்டாது.

சித்திரை வைகாசியில் வத்தல் போட வேண்டும். கத்தரிக்காய், கொத்தவரை, மாங்காய், சுண்டைக்காய். சந்தையில் காய் மலிந்து கிடக்கும்போது போட்டு வைத்தால், ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்துக் காய் விலை ஏறும்போது கை கொடுக்கும். மாவத்தலும் பலாக்கொட்டையும் போட்டு ஒரு மண்டிக் குழம்பு வைத்தால் அன்றைக்குக் காய் வாங்கவே வேண்டாம். மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர்தான் அடி, அதில்தான் புளி கரைப்போம். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிற வீட்டில் மண்டிக்கு ருசி எங்கிருந்து வரும்? பீர்க்கங்காய்த் தோலில் துவையல், வாழைத்தண்டு கூட்டு, இதெல்லாம் நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் முதல் நாள் ராத்திரியே ஊறப்போடு. கொதிக்கிற பாத்திரத்துக்கு மூடி போடு. குக்கர் ஆவி வந்ததும் தீயைக் குறை. கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று மூடியில் தேதி எழுதி வைத்தால் உனக்கே தெரியும்.

குடிக்கிற தண்ணீருக்கு மானாமதுரைப் பானை ஒன்று வாங்கி, மணல் பரப்பி அதன் மேல் வை. ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடுகிறது குறையும்.

சந்தேகப் பிராணி:

ஆச்சி சொன்ன பானைக்கு ஒரு திருத்தம். அது வெயில் காலத்துச் சாமான். பானைச் சுவரில் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று வறண்டிருந்தால்தான் அது நடக்கும். ஐப்பசியில் காற்றே ஈரமாக இருக்கும், பானைத் தண்ணீர் குளிராது. அப்போது பானையைக் குறை சொல்லிப் பரணில் போட்டுவிட்டு அடுத்த சித்திரைக்குப் புதிது வாங்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். சோப்பு போடாமல் தேங்காய் நாரால் வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் கொஞ்சம் திறக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

மழைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் யாரப்பா கேட்டது?

கல்லல் செம்மண்:

மொட்டை மாடி மூலை போதும் அக்கா, உரம் போடலாம். இரண்டு பழைய பெயின்ட் வாளி. அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காய்கறிக் கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலை இரண்டு பங்கு மேலே மூட வேண்டும். முதலில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு முறை கிளறுங்கள். ஒரு வாளி நிரம்பியதும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாகக் கிடைக்கும். சமைத்த சோறு, மீன், கறி போடாதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் இது ஐப்பசியில்தான் நிற்கிறது. மழையில் வாளி நனையும், போட்டு மூடக் காய்ந்த இலையும் கிடைக்காது, நாற்றம் வரும், அதோடு முடிந்தது. அதற்கு வழி மாசியிலேயே இருக்கிறது. அப்போது வேப்பமரமும் புங்கமரமும் இலை கொட்டும், ஊரே கூட்டிக் குவித்துத் தீ வைக்கும். அந்தப் புகையும் கேடு, இலையும் வீண். நாலு சாக்கில் அமுக்கிக் கட்டி மழை படாத இடத்தில் போட்டு வைத்தால் தை வரை ஓடும். நான் தெருவில் கூட்டுகிற அம்மாவிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எரிக்கிற வேலை மிச்சம் என்று அவர் சந்தோஷமாகத் தருகிறார்.

கழனிவாசல் மாடிவீடு:

நாற்றம் பற்றித்தான் பயம் தம்பி. கீழே உரிமையாளர் குடும்பம் இருக்கிறது. புழு வேறு வரும் என்கிறார்களே?

கல்லல் செம்மண்:

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது, ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும். சொட்டினால் இலையும் தென்னை நார்த்தூளும் சேர்த்துக் கிளறுங்கள், ஓரிரு நாளில் சரியாகும். தட்டையாகப் பழுப்பு நிறத்தில் வருகிற புழு ஒரு வகை ஈயின் குஞ்சு, கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது, கடிக்காது. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே இலையைக் கனமாகப் போட்டு மூடிவிடுங்கள். முதல் அறுவடையில் ஒரு பை உரத்தைக் கீழ் வீட்டுச் செம்பருத்திக்குக் கொடுத்துவிடுங்கள், பேச்சு வராது.

செடி என்றால் ஆடிப் பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, அவரை போடலாம். சித்திரையில் மொட்டை மாடியில் புதிதாக விதைப்பது வீண் வேலை. ஒரு கறிவேப்பிலையையும் கொஞ்சம் பிரண்டையையும் காப்பாற்றினால் அந்த மாதத்துக்குப் போதும்.

செக்காலை சைக்கிள்:

கடைக்குப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியது. அப்படியும் சந்தையில் கத்தரிக்காய்க்கு ஒன்று, கருவேப்பிலைக்கு ஒன்று என்று கவர் வந்துகொண்டேதான் இருக்கிறது. கடைக்காரர் மேல் பழி போட நான் தயாரில்லை. பை எடுத்துப் போனவனுக்கு அவர் கவர் திணிப்பதில்லை.

பை வீட்டுக்குள் இருந்தால் மறந்துபோகும். வண்டி டிக்கியில் இரண்டு, ஆபீஸ் பையில் ஒன்று என்று நிரந்தரமாகக் கிடக்க வேண்டும், காய்கறியை இறக்கியதும் பை திரும்ப வண்டிக்கே போக வேண்டும். கறிக்கடைக்குத் தூக்குச் சட்டி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தூக்கை நீட்டினால் கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், அப்புறம் நம் முகம் பழகியதும் அவரே கேட்டு வாங்குவார். ஹோட்டல் சாம்பாருக்கும் அதே தூக்குதான். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சைக்கிளைப் பற்றி என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன், எனவே ஒரே வரி: காரைக்குடிக்குள் பெரும்பாலான வேலை சைக்கிள் தூரம்தான், மே மாத மதியத்தைத் தவிர.

தேவகோட்டை ரஸ்தா மருந்துக்கடை:

சின்னதாக இரண்டு. காலாவதியான மாத்திரையைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், தூய்மைப் பணியாளர் கையால்தான் அதைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. மாதவிடாய்க் குப்பி கேட்டுப் பெண்கள் இப்போது வருகிறார்கள். மருத்துவத் தர சிலிகான், கொதிநீரில் போட்டு எடுத்துப் பல வருடம் பயன்படுத்தலாம். பழகச் சில மாதம் ஆகும், பொறுமை வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் புதிது வாங்குகிற கடையிலேயே கொடுங்கள், பழையதற்கு விலை கழிப்பார்கள், ஈயமும் ஒழுங்காக மறுசுழற்சிக்குப் போகும்.

ஊருணிக் கரை:

எல்லாரும் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். தண்ணீர்க் கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி 93 சதுர மீட்டர். ஒரு நல்ல மழை 50 மில்லிமீட்டர் கொட்டினால் உங்கள் தலைக்கு மேல் மட்டும் 4,650 லிட்டர். ஆவியானது, தெறித்தது போனாலும் முக்கால்வாசி கைக்கு வரும். இதைத் தெருவில் ஓடவிட்டு, சித்திரையில் லாரித் தண்ணீருக்கு நிற்கிறோம்.

2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம் என்று ஆனது. அப்போது தோண்டிய குழி பல வீட்டில் இன்னமும் இருக்கிறது, ஆனால் மேலே துணி துவைக்கிற கல் கிடக்கிறது. புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட்டு, மாடியைக் கூட்டி, குழாய் வாயில் வலை கட்டினால் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து உள்ளே திருப்புங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரோடு சேர்ந்து செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வரத்துக்கால். நம் ஊருணிகள் ஒவ்வொன்றுக்கும் மழைத்தண்ணீர் வர ஒரு கால் உண்டு. புது பிளாட் போடும்போது அது மண்ணடித்துப் போகிறது, மிஞ்சிய இடத்தில் வீட்டுக் குப்பை விழுகிறது. அப்புறம் சீமைக் கருவேலம் முளைத்து அடைக்கிறது. கரைக்குக் கல் பதித்து விளக்குப் போடுகிறார்கள், தண்ணீர் வர வழி இல்லை. உங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் எந்த ஊருணிக்குப் போக வேண்டியது என்று ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே அடைக்கிறது என்று தெரிந்துவிடும். தனி வீட்டு வாளிக் கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

புதுவயல் கணக்கு:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் "அதற்கு அப்புறம்தான்" என்பதை ஏற்க மாட்டேன். வரத்துக்காலுக்கு மனு கொடுத்துக் காத்திருக்கிற வருடங்களில் சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றக்கூடாது என்று யார் சொன்னார்கள்? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டருக்கு மேல் போய்விடும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்பு சேரும்.

பந்தி சமையல்:

ஒரு விஷயத்தை யாருமே தொடவில்லை. நான் விசேஷங்களுக்குச் சமைக்கிறவன். ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சேர்த்து வைக்கிற சிக்கனத்தை ஒரே காதுகுத்தில் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 400 பேர் விசேஷம், இலைக்கு ஒரு சின்ன பாட்டில், வெளியே போகும்போது கையில் ஒன்று. 800 பாட்டில். பாதிக்கு மேல் பாதித் தண்ணீரோடு கிடக்கும். மேசை மேல் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதக் கப்பும் 2019 தடைப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆனாலும் கேட்கிறார்கள்.

பாட்டில் ஏன் வந்தது தெரியுமா? பணக்காரத்தனம் இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, டம்ளர் கழுவ ஆள் இல்லை. அதைச் சரி செய்யாமல் "பாட்டில் வேண்டாம்" என்றால் பந்தியில் விக்கல் எடுத்தவர் தண்ணீருக்குக் கத்துவார், அடுத்த விசேஷத்துக்கு மறுபடி பாட்டில் வந்துவிடும். நான் சொல்கிற ஏற்பாடு இது. ஒரு பந்திக்கு 100 பேர் என்றால் எவர்சில்வர் டம்ளர் 250 வேண்டும். ஒரு செட் இலையில், ஒரு செட் கழுவலில், மிச்சம் கைவசம். கழுவ இரண்டு பேருக்குத் தனிக் கூலி பேசிவிடுங்கள். கூலியையும் பாட்டில் காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், முன்கூட்டி ஏற்பாடு செய்த வீட்டில் பெரும்பாலும் கூலிதான் குறைவாக வந்திருக்கிறது. கூஜாவில் ஊற்ற வீட்டுப் பிள்ளைகளே போதும், அதைவிட நல்ல உபசாரம் கிடையாது.

வீணாவதில் பெரியது சாப்பாடு. "குறைந்து போனால் மானம் போய்விடும்" என்று 400 பேருக்கு 550 பேர் சமையல் சொல்கிறார்கள். வருகிறவர் எண்ணிக்கையை என்னிடம் உண்மையாகச் சொல்லுங்கள், குறையாமல் பார்ப்பது என் வேலை. எல்லாப் பதார்த்தத்தையும் இலையில் முன்கூட்டி வைத்துவிடாமல், ஆள் உட்கார்ந்த பிறகு கேட்டுப் பரிமாறினாலே இலையில் மிஞ்சுவது நன்றாகக் குறையும்.

கடைசியாக, இலை மாட்டுக்குத்தான் போகிறது. அதோடு ஐஸ்கிரீம் கப்பும் பிளாஸ்டிக் ஸ்பூனும் பாட்டில் மூடியும் சேர்ந்து போனால் அதுவும் மாட்டு வயிற்றுக்குள்தான். பந்தி வாசலில் ஒரு கூடை வைத்து, இலையைத் தவிர மற்றதை அதில் போடச் சொல்ல ஒரு ஆளை நிறுத்துங்கள்.

வளவு வீட்டுப் பிள்ளை:

நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டில் வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் பேசுவார்களே, அதற்கு என்ன செய்ய?

பள்ளத்தூர் ஆச்சி:

பேசட்டும். பாட்டில் வைத்த வீட்டையும் பேசத்தான் செய்கிறார்கள், சாம்பாரில் உப்பு இல்லை என்று.

தாம்பூலம் கொடுக்க நம் ஊர் ஓலைக் கொட்டான் கூடை இருக்கும்போது பளபளவென்று நெய்யாத பை எதற்கு? நம் பக்கத்துப் பெண்கள் முடைகிறது. சீர் கொண்டுபோன கொட்டான் அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கிறது என் வீட்டில்.

செக்காலை சைக்கிள்:

ஆச்சி, 400 கொட்டான் என்றால் விலை தாங்குமா? மஞ்சள் பை கொடுக்கலாம் என்றால் அதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். எல்லா விசேஷத்திலும் கொடுத்துக் கொடுத்து எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு அடுக்கு மஞ்சப்பை. பருத்திப் பை நெய்யவும் தண்ணீரும் சாயமும் செலவாகிறது, நூறு தடவை கடைக்குப் போய் வந்தால்தான் அதற்குப் பொருள். வெற்றிலை பாக்கு, தேங்காயைக் கையில் கொடுங்கள். பை வேண்டியவர் எடுத்துக்கொள்ள ஓரமாகக் கொஞ்சம் வையுங்கள்.

கண்டாங்கி:

பை என்றதும் ஒரு சந்தோஷமான எதிர்க்கட்சி. நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கெட்டிப் பருத்தி, வருடக்கணக்கில் உழைக்கும். உடுத்தி ஓய்ந்ததை நான் தலையணை உறை, சந்தைப் பை, கடைசியில் அடுப்படிப் பிடிதுணி வரை கொண்டுவந்துவிடுகிறேன். துணி விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விதி, குறைவாக வாங்கி நிறைய உடுத்துவது. பண்டிகைக்குப் பண்டிகை தள்ளுபடியில் மூன்று எடுக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

வளவு வீட்டுப் பிள்ளை:

பண்டிகை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மழைக்காலத்தில் கூடு கட்ட வருகிற பறவைகள் கலைந்துவிடும் என்று ஊரே சேர்ந்து விட்டது. யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காமல் இருக்க அந்த ஊர்க் கட்டுப்பாட்டில் பாதி இருந்தால் போதும் நமக்கு.

சந்தேகப் பிராணி:

இது நல்ல உதாரணம் அண்ணே, இதற்கு மறுப்பு இல்லை. தனி ஆள் வைராக்கியம் வைத்துச் செய்வதைவிட, ஊர் முறையாக ஆனது நிற்கிறது.

ஆனால் பழைய வீட்டைப் பிரித்து முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கதவும் தூணும் விற்பதை "மறுபயன்பாடு" என்று பெருமையாகச் சொல்லாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டிருக்கிற வீட்டைப் பழுது பார்த்துக் குடியிருப்பதுதான் பெரிய மறுபயன்பாடு. ஏற்கெனவே இடிந்ததன் நிலைக்கதவை வாங்கிப் புது வீட்டுக்கு வைக்கிறவரை நான் குறை சொல்லவில்லை.

சென்னைவாசி ஆனாலும் நேமத்தான்:

கோயில், படைப்பு, விசேஷம் என்று மாதம் ஒரு தடவை ஊருக்கு வருகிற எங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா? நானே சொல்கிறேன். தனி ஆளாகக் காரில் வருவதை விட்டு பல்லவன் ரயிலில் வருகிறேன். காரைக்குடி வரை நேராக வருகிறது, ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ. ஒரு காரில் ஐந்து பேர் நிறைந்து வந்தால் அது வேறு கணக்கு. ஒருவராக வந்து, இறங்கியதும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா வேண்டாம் என்று உபதேசம் செய்கிற சித்தப்பாக்கள் எங்கள் பங்காளிகளில் நிறைய உண்டு.

கழனிவாசல் மாடிவீடு:

பந்தி சமையல் அண்ணன் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். தை மாதம் சின்னவளுக்குக் காதுகுத்து, 200 பேர் போல வருவார்கள். பாட்டில் இல்லாமல் நடத்தலாம் என்று மாமியார் முதல் ஆளாகச் சொல்லிவிட்டார், வீட்டுக்காரர் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல மட்டும் பயப்படுகிறார். டம்ளருக்குத்தான் வழி தெரியவில்லை. வாடகைப் பாத்திரக் கடையில் இருப்பது பாதி நசுங்கியது. மேல் ஊற்றிக் குடிக்கிற மாதிரி விளிம்பு உள்ளதாக 250 யாரிடமாவது கிடைக்குமா?

பந்தி சமையல்:

200 பேருக்கு இரண்டு பந்தி என்றாலும் ஒரு பந்திக்கு 100 பேர்தானே, 250 சரி தங்கச்சி. கூஜா எட்டு வேண்டும், அதை மறக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

என் வீட்டுச் சாமான் அறையில் இருக்கிறது ஆத்தா, என் கல்யாணத்துக்கு வைத்தது. எல்லாவற்றிலும் எங்கள் ஐயா பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும், மாறிப் போகாது. தை முதல் வாரம் வந்து எடுத்துக்கொள். எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் தருவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கூஜா ஆறுதான் இருக்கிறது, ஒன்றுக்கு மூக்கு ஒழுகும். திரும்பக் கொண்டு வரும்போது துடைத்து ஈரமில்லாமல் கொண்டு வா, கூஜா பித்தளை, அதைப் புளி போட்டு விளக்கு, பவுடர் போட்டால் கீறல் விழும்.

கழனிவாசல் மாடிவீடு:

சரி ஆச்சி. மீதி இரண்டு கூஜா யாரிடம் இருக்கிறது?